நியாய வாடகை

தமிழ்நாட்டில் ரேஷன் கடை என்று நாம் வாயால் சொல்லும் இடத்தின் பெயர்ப் பலகையில் ‘நியாய விலைக் கடை’ என்றுதான் எழுதியிருக்கும். யோசித்துப் பார்த்தால் அது துணிச்சலான பெயர். வெளிக்கடையில் ஒரு விலை இருக்கிறது, அது நடப்பு விலை. இங்கே இருப்பது நியாய விலை. இரண்டும் ஒன்றல்ல என்று ஓர் அரசாங்கம் பலகை எழுதி மாட்டியிருக்கிறது.

சர்க்கரைக்கு அப்படி ஒரு விலை உண்டென்றால் வீட்டு வாடகைக்கு உண்டா? சந்தை சொல்லும் தொகை ஒன்று, நியாயமான தொகை வேறொன்று என்று பிரித்துப் பேச முடியுமா? பேச முடியும் என்றால் அதை எப்படிக் கணக்கிடுவது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. லண்டனின் கிழக்கே, ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு ஒரு தொகையை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஊரின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக ஆனது. வாரம் நாற்பது மணி நேரம், ஆண்டு முழுவதும் வேலை பார்த்தால் ஏறக்குறைய 25,400 பவுண்டு. வரியும் தேசியக் காப்பீடும் போக மாதம் கையில் சேர்வது சுமார் 1,800. அதே ஆண்டில் லண்டனில் தனியார் வீடுகளின் சராசரி மாத வாடகை 2,200 பவுண்டைத் தாண்டிவிட்டது. ஒருவர் முழு நேரம் உழைத்து வாங்கும் மொத்தச் சம்பளத்தையும் அப்படியே எடுத்து வைத்தாலும் ஒரு சராசரி வீட்டின் வாடகைக்குப் போதாது. முதியோர் இல்லத்தில் நம் பெற்றோரைக் குளிப்பாட்டுகிறவரும், நாம் ஆர்டர் செய்த பொட்டலத்தை இரவில் அடுக்குகிறவரும், அதிகாலையில் அலுவலகக் கழிவறையைக் கழுவுகிறவரும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

என் ஃப்ளாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அது 1960களில் உள்ளூர் கவுன்சில் கட்டியது. குறைந்த சம்பளக்காரர்கள் கௌரவமாக வாழ வேண்டும் என்பதற்காகப் பொதுப்பணத்தில் எழும்பிய கட்டடம். அறைகள் விசாலம்; அலமாரி வைக்கவும் துணி உலர்த்தவும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், கவுன்சில் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறியிருக்கின்றன. என் ஃப்ளாட்டையும் அங்கே குடியிருந்தவர் வாங்கினார், பிறகு விற்றார். இன்னொரு கை மாறி 2010இல் என்னிடம் வந்தது. திருமணமான புதிதில் நானும் மனைவியும் அங்கே வாழ்ந்தோம். பிள்ளைகள் பிறந்ததும் வெளியே ஒரு வீட்டுக்குப் போனோம். ஃப்ளாட்டை விற்காமல் வாடகைக்கு விட்டோம். நம்மவர் பலரும் செய்வதுதான்.

இன்று அங்கே இருப்பது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 2022இல் வந்த ஒரு குடும்பம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் கிடங்கில் இரவுப் பணி. இரண்டு குழந்தைகள். குறைந்த சம்பளக்காரர்களுக்காகக் கட்டிய வீட்டில் குறைந்த சம்பளக்காரர்களே இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நடுவில் நான் இருக்கிறேன்.

அவர்கள் தரும் வாடகை 1,450 பவுண்டு. ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சல், அந்தத் தெருவில் இப்போது 1,850 போகிறது என்றது. நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். “சந்தை கொடுக்கிறதை வாங்காம விடறது தர்மம் இல்லைப்பா, சோம்பேறித்தனம்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஊரில் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பவர். ஆனால் அவர் மனதில் தர்மம் ஒரு அறையிலும் வாடகை வேறொரு அறையிலும் இருக்கின்றன. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

அந்தக் கூடுதல் 400 பவுண்டு எதற்கான விலை? இதை யோசிக்க எனக்கு மிகவும் உதவியது 1915ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த ஒரு சம்பவம். முதல் உலகப் போர் தொடங்கியதும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்நகருக்கு வந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில் இருக்க, கோவன் பகுதியில் மேரி பார்பர் போன்ற பெண்கள் வாடகை தர மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். காலி செய்யவைக்க வரும் அமீனாக்களை அக்கம்பக்கத்துப் பெண்களே கூடி நின்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனபோது தொழிற்சாலைத் தொழிலாளர்களும் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, சிறிய வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கியபோது இருந்த அளவில் நிறுத்தியது.

வாடகையே கூடாது என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை. வீடு போன வருடம் இருந்த அதே வீடு. அதே செங்கல், அதே ஒழுகும் கூரை. மாறியது ஒன்றுதான்: வீடு தேடுகிறவர்களின் எண்ணிக்கை. வீட்டுக்காரர் எதையும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. குடியிருப்பவருக்குப் போக்கிடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் தொகை வீட்டுக்கான விலை அல்ல, போக்கிடம் இல்லாமைக்கான விலை.

இதே பிரிவினையை அரை நூற்றாண்டு கழித்துப் பிரிட்டனின் சட்டம் தன் மொழியிலேயே எழுதிவைத்தது. 1965ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ‘நியாய வாடகை’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அதுவே பின்னர் 1977 சட்டத்தின் 70ஆவது பிரிவானது. வாடகையை நிர்ணயிக்கும் அதிகாரி வீட்டின் வயது, தன்மை, அமைந்த இடம், பராமரிப்பு நிலை எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் அந்த வட்டாரத்தில் இருக்கும் வீடுகளைவிட வீடு தேடுகிறவர்கள் கணிசமாக அதிகம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொகையைச் சொல்ல வேண்டும். அதாவது பற்றாக்குறையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் நிலையில் இந்த வீட்டுக்கு என்ன கொடுப்பார்கள் என்பதே கேள்வி. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் நியாய வாடகை என்ற கருத்து இருந்தது. அது வேறு வழியில், கட்டடத்தின் மதிப்பிலிருந்து கணக்கிட்டது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கும் வாடகைகளுக்கு இந்தக் கேள்வி கைவிடப்பட்டது. 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதை ஒழிக்கிறது. அது பெரிய விஷயம். உயர்த்திய வாடகையை எதிர்த்துக் குடியிருப்பவர் தீர்ப்பாயம் போகலாம். ஆனால் தீர்ப்பாயம் அளந்து பார்ப்பது சந்தை வாடகையைத்தான். மற்றவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதே அளவுகோல். அந்த மற்றவர்களும் இதே பற்றாக்குறையில் மாட்டியவர்கள்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் அக்வினாஸ் விற்பனை பற்றி எழுதும்போது இதைத் தொட்டிருக்கிறார். ஒரு பொருளை விற்பதால் விற்பவனுக்கு இழப்பு நேருமானால் அதற்காக அவன் கூட்டி வாங்கலாம். ஆனால் வாங்குபவனுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை விற்பவனுக்குச் சொந்தமானது அல்ல. தனக்குச் சொந்தமில்லாததை அவன் எப்படி விற்க முடியும்? எண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் வாதம் இது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் கணக்கு. தொழில் புத்தி, எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுவிடுவேன். வீட்டுக் கடனின் வட்டி மாதம் 460 பவுண்டு. கவுன்சிலுக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணம் 160. காப்பீடு, எரிவாயுச் சோதனை, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 150. ஏஜென்டுக்கு 145. வருமான வரி 305. மொத்தம் 1,220. மிச்சம் 230 என் நேரத்துக்கும் அதில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கும். இவ்வளவுக்கு நான் எந்தச் சபையிலும் பதில் சொல்வேன். வீட்டின் விலை ஏறியதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த 230க்கே பதில் சொல்வது கஷ்டம். அதற்கு மேல் இன்னொரு 400 வாங்கினால் எந்த வரிசையில் எழுதுவது? தாளில் அதற்கு ஒரே பெயர்தான் பொருந்துகிறது: அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அந்த 400 பவுண்டு, அந்தப் பெண்ணுக்கு வரி போன பின் சுமார் 45 மணி நேர உழைப்பு. ஒவ்வொரு மாதமும் ஒரு வாரத்துக்கு மேல்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வர வேண்டும். ‘நீ ஐடி ஆலோசகன். உன் நாள் கட்டணம் சந்தை விலை. உன்னைப் போல ஆள் கிடைப்பது அரிது என்பதற்காகத்தானே அவ்வளவு வாங்குகிறாய்? அதுவும் பற்றாக்குறையின் விலைதானே?’ இதை நான் பல நாள் யோசித்தேன். என் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு நான் வேண்டாம் என்றால் வேலையை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், சுமாரான ஆளை வைத்துச் சமாளிக்கலாம், திட்டத்தையே கைவிடலாம். என் கட்டணம் ஏறினால் இரண்டு வருடத்தில் என் வேலையைக் கற்றுக்கொண்டு பத்துப் பேர் வந்து நிற்பார்கள். தூக்கத்தை யாரும் ஆறு மாதம் தள்ளிப்போட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இன்னொரு ஈஸ்ட் ஹாமை யாரும் உற்பத்தி செய்ய முடியாது. வேண்டாம் என்று சொல்லக்கூடியவரிடம் வாங்கும் விலையும், சொல்ல முடியாதவரிடம் வாங்கும் விலையும் தாளில் ஒன்றுபோலத் தெரியலாம். செயல் ஒன்றல்ல.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. வாடகையைக் கட்டுப்படுத்திய இடங்களில் என்ன நடந்தது? வாடகை பைசாவாக நின்றுபோன பழைய கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கக்கூட மாட்டார்கள். இடியட்டும் என்று காத்திருக்கும் உரிமையாளர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். லண்டனில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குடியிருப்பவர் போனபின் வாடகையை விருப்பம்போல் ஏற்றலாம் என்றதும், பழையவர்களை விரட்டுவதே லாபமாகிவிட்டது. நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்ற வீட்டுக்காரரின் பெயர் அப்படித்தான் ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல்லாக நிலைத்தது. வேறெங்கும் வீடு தர மறுக்கப்பட்ட கரீபியக் குடியேறிகளை அவர் அதிக வாடகைக்கு அடைத்துவைத்தார். சட்டம் ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் இன்னொன்றைத் தேடும். நான் 400 பவுண்டு விட்டுக்கொடுப்பதால் லண்டனில் ஒரு வீடுகூடக் கூடாது என்பதும் உண்மை. கட்டினால்தான் கூடும்.

இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் நாட்டுக்கு என்ன கொள்கை நல்லது என்பதைப் பற்றிய பேச்சு. என் முன் உள்ள கேள்வி, கொள்கை சரியாகும் வரை நான் என்ன வாங்கலாம் என்பது. பஞ்சத்துக்கு மருந்து விளைச்சல்தான். அதற்காகப் பஞ்ச காலத்தில் அரிசி வியாபாரியின் நடத்தைக்கு நல்லது கெட்டது இல்லாமல் போய்விடுமா?

இதுவரை வந்த பாதையில் பார்த்தால் விஷயம் எளிது: 400ஐ வாங்காதே, நிம்மதியாக இரு. நானும் ஏறக்குறைய அங்கேதான் நின்றிருந்தேன். சென்ற குளிர்காலத்தில் வருடாந்திர எரிவாயுச் சோதனைக்கு ஆள் வந்தபோது நானும் கூடப் போனேன். குழந்தைகளின் அறையில் துணி அலமாரி சுவரின் நடுவில் சம்பந்தமில்லாமல் நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஆளுயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை. சின்னவனுக்கு இரண்டு மாதமாக இருமல். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்கினார். “அண்ணாச்சி, நீங்க ஏற்கெனவே வாடகையக் கூட்டாம இருக்கீங்க. இதையும் எப்படிச் சொல்றதுன்னு அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க.” கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராச்டேல் நகரில் பூஞ்சை படிந்த குடியிருப்பில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்ததும், அந்தப் பூஞ்சைதான் மரணத்துக்குக் காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னதும், அவன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்ததும் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொன்னார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. என் வீட்டில் கேட்க ஆள் இருந்தும் புகார் வாயைவிட்டு வெளியே வரவில்லை. குறைந்த வாடகை என்ற நன்றி அதன் வாயை அடைத்திருந்தது.

சுவரைச் சுரண்டி, மருந்தடித்து, குளியலறையில் நல்ல காற்று வெளியேற்றி மாட்டியாயிற்று. இருமல் நின்றது. ஆனால் அந்த அலமாரி என் சிந்தனையைப் புரட்டிப்போட்டது. நான் நியாயம் என்று நினைத்துச் செய்தது அவர்களிடம் சலுகையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சலுகை கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அதைப் பெற்றவர் கொடுத்தவரின் முகம் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. 1,850 கொடுத்திருந்தால் பூஞ்சை வந்த மறுநாளே அந்தப் பெண் போன் செய்திருப்பார். 1,450 கொடுத்ததால் அலமாரியை நகர்த்தினார். மீதி 400ஐ அவர்கள் பணமாக அல்லாமல் பணிவாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

நியாய விலைக் கடையில் யாரும் கடைக்காரருக்கு நன்றி சொல்வதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எடை குறைந்தால் சண்டை போடுவார்கள், அரிசியில் கல் இருந்தால் தாசில்தார் வரைக்கும் போவார்கள். விலை குறைவு என்பதற்காக யாரும் அடங்கிப்போவதில்லை. அட்டையில் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, விலை எழுதிப் போட்டிருக்கிறது. நியாயத்துக்கும் கருணைக்கும் உள்ள தூரம் அதுதான். கருணையில் தொகை என் மனதில் இருக்கிறது. நியாயத்தில் தொகை எப்படி வந்தது என்பது இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது.

ஆகவே இந்த வருடம் எக்செல் கணக்கை அச்செடுத்துக்கொண்டு போய் அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வட்டி இவ்வளவு, வரி இவ்வளவு, எனக்கு இவ்வளவு. வட்டி ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். என் பங்கு ஏறாது. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போகிறது என்பது இந்தத் தாளில் எங்கும் வராது. இதை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திட்டோம். முதலில் அந்தக் கணவருக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவரின் வட்டிக் கணக்கை அவர் முன்னாலேயே பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டார்: “அண்ணாச்சி, ஏஜென்ட்டுக்கு மாசம் 145 எதுக்கு? நாங்க நேரா உங்களுக்கே அனுப்பிட்டா என்ன?” நல்ல கேள்வி. ஏஜென்ட் ஒப்பந்தம் முடியும் மாதத்தைச் சொல்லியிருக்கிறேன். அதில் மிச்சமாவதை என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

இதைச் செய்யும் நிலையில் எல்லோரும் இல்லை என்பது தெரியும். ஓய்வூதியமே இல்லாமல் ஒரு வாடகை வீட்டை நம்பி முதுமையை நடத்துகிற பெரியவர்கள் நம்மில் உண்டு. வட்டி ஏறியதில் கையிலிருந்து கட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் தாளில் வேறு தொகை வரும், வரட்டும். நான் கேட்பது தொகையை அல்ல, அதற்குக் காரணம் எழுத முடிகிறதா என்பதை. வாங்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் எதிரே ஒரு காரணம் எழுதி, அதைக் குடியிருப்பவர் கண்முன் வைக்க முடிந்தால் அது நியாய வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். வைக்கக் கூச்சமாக இருக்கும் தொகை எது என்று நமக்கே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் பழைய வாகனக் கொட்டகையை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி குறைந்த வாடகை வீடுகள். நிழல் விழும், கார் நிறுத்த இடம் போய்விடும் என்று எதிர்ப்பு மனு சுற்றுக்கு வந்தது. நம்மவர் கையெழுத்துகளும் அதில் இருந்தன. எல்லோரும் ஒரு காலத்தில் ஒரே அறையில் மூன்று பேராகப் படுத்து எழுந்தவர்கள்தான்; 2003இல் முதுநிலைப் படிப்புக்கு வந்த நானும் அப்படித்தான். நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் நூலகர்களாகவும் ஆகப்போகிறார்கள். எல்லோரும் மென்பொருளுக்குப் போகமாட்டார்கள். நாம் விருந்துகளில் வாழ்த்திக்கொள்ளும் அதே விலையேற்றம் அவர்களை இந்த நகரத்துக்கு வெளியே தள்ளும். அந்த மனுவில் நான் கையெழுத்திடவில்லை. கட்ட வேண்டும் என்று கவுன்சிலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது கொஞ்சம் விறைப்பாகத்தான் வணக்கம் சொல்கிறார்.